யூத, ஸ்லாவியக் குடும்பப் பெயர்களின் வேரைத் தேடுகிறீர்களா? பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

என் கணவருக்கு அப்பா வழியில் எல்லாரும் கலீசிய யூதர்கள் (கலீசியா என்பது அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த, இன்றைய தெற்குப் போலந்தும் மேற்கு உக்ரைனும் சேர்ந்த பகுதி). அம்மா வழியில் அதே கலீசியாவின் உக்ரைனியக் கிராமத்தார். இந்த இரண்டு குடும்பப் பெயர்களும் எங்கிருந்து வந்தன, என்ன பொருள் என்று தேடி எழுதிவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய தாள்களைப் புரட்டும் பொறுமை வீட்டில் எனக்குத்தான் உண்டு என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சொல்லித்தர ஆளில்லை, அந்தப் பக்கத்து மொழி எதுவும் தெரியாது. கையிலிருந்து 600 டாலருக்கு மேல் போயிற்று. பணத்தைக்கூட விட்டுவிடலாம், ஒரு வருடத்து வார இறுதிகள் போனதுதான் இன்னும் ஆறவில்லை. இதே வேலையைத் தொடங்கும் இன்னொருவருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். வீட்டார் விரும்பாததால் எங்கள் பெயர்களை மட்டும் இங்கே சொல்லவில்லை.

முதல் செலவு 89 டாலர். குடும்பப் பெயரைக் கொடுத்தால் அதன் பொருள், வரலாறு, குலச்சின்னம் எல்லாவற்றையும் சட்டம்போட்டு அனுப்புகிறோம் என்று ஓர் இணையக் கடை சொன்னது. வந்தது ஒரு கேடயப் படமும், எந்தப் பெயருக்கும் பொருந்துகிற மூன்று பத்தியும். இந்தச் சரக்கை வாங்கவே வாங்காதீர்கள். போலந்தில் குலச்சின்னம் பிரபுக்களுக்கு மட்டுமே உரியது. அதிலும் ஒரு பெயருக்கு ஒரு சின்னம் என்ற கணக்கே கிடையாது. 'யாஸ்த்ஷெம்பியெட்ஸ்', 'நவென்ச்' மாதிரி ஒரே சின்னத்தை ஒன்றுக்கொன்று உறவே இல்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வைத்திருந்தன. அதே பெயருடைய குடியானவருக்கோ யூதருக்கோ சின்னமே இருந்திருக்காது. ஆகவே 'கோவால்ஸ்கி குடும்பச் சின்னம்' என்று யாராவது விற்றால், அது எந்தக் கோவால்ஸ்கியுடையது என்று கேளுங்கள், பதில் வராது.

அடுத்ததாகப் பொருள் சொல்லும் பட்டியல்கள். கோல்ட்பெர்க் என்றால் பொன்மலை, ரோசன்ஃபெல்ட் என்றால் ரோஜா வயல் என்று அழகாகப் போட்டிருப்பார்கள். பொருள் சரிதான், ஆனால் அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு மலையும் கிடையாது, வயலும் கிடையாது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோருக்கு 18-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை பரம்பரைக் குடும்பப் பெயரே இல்லை, இன்னாரின் மகன் இன்னார் என்பதோடு சரி. வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் அரசுக்கு நிலையான பெயர் தேவைப்பட்டது. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787 ஜூலை 23 அன்று ஆணை போட்டார்: 1788 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு யூதக் குடும்பத்துக்கும் நிலையான பெயர் இருக்க வேண்டும். கோல்ட், சில்பர், ரோசன், புளூமன் என்று முன்பாதி. பெர்க், ஸ்டைன், ஃபெல்ட், பாம் என்று பின்பாதி. இரண்டையும் ஒட்டி ஆயிரக்கணக்கான பெயர்கள் அந்தச் சில வருடங்களில் பிறந்தன. லஞ்சம் கொடுத்தவனுக்கு அழகான பெயர், கொடுக்காதவனுக்கு அசிங்கமான பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள். கேலிப்பெயர்கள் சில கலீசியாவில் இருந்தது உண்மை, ஆனால் கதை ஊதிப் பெருத்தது.

எனவே பெயரைப் பார்த்ததும் பொருளுக்குப் போகாமல், எந்த ஆட்சியின் கீழ், எந்த ஆண்டில் அது ஏட்டில் ஏறியது என்று கேளுங்கள். போலந்தை ஆஸ்திரியாவோடும் ரஷ்யாவோடும் பங்கு போட்டபோது ஜெர்மானிய அரசான பிரஷ்யா பிடித்த பகுதியில் 1797. ரஷ்யப் பேரரசில் 1804-ஆம் ஆண்டுச் சட்டம், அது சரியாக நடக்காததால் 1835-இல் மறுபடியும். நெப்போலியனின் பிரான்சில் 1808. வார்சாவைத் தலைநகராகக் கொண்டு ரஷ்யாவுக்குக் கீழிருந்த போலந்து ராஜ்யத்தில் 1821. ஆஸ்திரியப் பக்கம் ஜெர்மன் பெயர்கள் குவிந்திருப்பதற்கும், ரஷ்யப் பக்கம் ஸ்லாவிய (ரஷ்ய, போலிஷ், உக்ரைனிய மொழிகளின்) விகுதியோடு யூதப் பெயர்கள் நிறைய இருப்பதற்கும் இந்த ஆட்சி வேறுபாடு முக்கியக் காரணம். இதற்கெல்லாம் முந்திய பெயர்களும் உண்டு, அவை பெரும்பாலும் ரப்பிமார் (யூத மதகுருக்கள்) குடும்பங்களுடையவை. ஹோரோவிட்ஸ் பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) ஹோர்ஷோவிட்ஸே ஊரிலிருந்தும், ஹல்பெர்ன் ஜெர்மனியின் ஹைல்பிரோனிலிருந்தும், ஷபிரோ ஷ்பையர் நகரிலிருந்தும் வந்தவை. ஆனால் இன்று ஷபிரோ என்று பெயர் இருக்கிற எல்லாரும் ஒரே ரப்பியின் வாரிசு என்று நினைத்துவிட வேண்டாம். சட்டம் வந்தபோது கௌரவமான பெயர் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

விகுதியை வைத்துச் சாதி சொல்வதுபோல 'இது யூதப் பெயர், இது ஸ்லாவியப் பெயர்' என்று தீர்ப்புச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ரோசன்பெர்க் என்றால் யூதர் என்பார்கள். நாஜிக் கட்சியின் கொள்கை வகுத்தவர்களில் ஒருவர் ஆல்ஃப்ரெட் ரோசன்பெர்க். '-ஸ்கி' என்று முடிந்தால் போலிஷ் பிரபு என்பார்கள். பின்ஸ்கி, ஸ்லுட்ஸ்கி, பெர்திசெவ்ஸ்கி எல்லாம் பின்ஸ்க், ஸ்லுட்ஸ்க், பெர்திசிவ் ஊர்களை ஒட்டி யூதர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள். இதில் கவனிக்க ஒன்று உண்டு. பிரோடி ஊரிலேயே இருப்பவரை யாரும் பிராட்ஸ்கி என்று அழைக்க மாட்டார்கள், அங்கே எல்லாருமே பிரோடிக்காரர்கள்தானே. அந்த ஊரை விட்டு வேறு எங்கோ குடியேறியவருக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். ஆகையால் ஊர்ப்பெயர் கிடைத்ததும் அந்த ஊரின் பதிவேட்டுக்கே ஓடாதீர்கள். சுற்றுவட்டாரத்து ஊர்களில் முதலில் தேடுங்கள்.

யூதப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது அம்மா பெயரில் வந்தவை. ரிவ்கின் ரெபெக்காளிலிருந்து, சோர்கின் சாராளிலிருந்து, ராஸ்கின் ராகேலிலிருந்து, எஸ்த்ரின் எஸ்தரிலிருந்து. இன்றைய பெலாருசின் கிழக்கே மொகிலேவ் மாகாணத்தில் இவை கொத்தாகக் கிடைக்கும். பேர்ல்மன் என்றால் முத்து வியாபாரி என்று பட்டியல்கள் சொல்லும். பேர்ல் என்ற பெண்ணின் கணவர் என்பதற்கே வாய்ப்பு அதிகம். இன்னொரு வகை, எபிரேயச் சுருக்கங்கள். காட்ஸ் என்பது 'கோஹேன் ட்செதெக்', அதாவது நீதியின் ஆசாரியர். செகல் லேவியரை, அதாவது ஆலய ஊழியர் வம்சத்தாரைக் குறிக்கும் சுருக்கம். காட்ஸ் என்பதைப் பூனை என்று போட்டிருக்கும் பட்டியலை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

சரி, தேடலுக்கு வருவோம். அமெரிக்காவுக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது நியூயார்க்கின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று எங்கள் வீட்டிலும் ஒரு கதை உண்டு. அது நடக்கவில்லை. 1892-இல் திறந்த அந்த நிலையத்தின் குமாஸ்தாக்கள் பெயரை எழுதவே இல்லை, கப்பல் கம்பெனி புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதிக் கொடுத்த பட்டியலைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றியவர்கள் வந்தவர்களே, அதுவும் பிறகு. ஆகவே குடியுரிமைத் தாள்களைப் பிடியுங்கள். 1906 செப்டம்பருக்குப் பிந்தைய படிவங்களில் பிறந்த ஊர், வந்த கப்பல், வந்த தேதி எல்லாம் கேட்டிருப்பார்கள். அதை வைத்துக் கப்பல் பட்டியலுக்குப் போனால் பழைய பெயர் கிடைக்கும். ஹாம்பர்க் துறைமுகத்தின் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் தப்பியிருக்கின்றன. பிரேமனுடையவை பெரும்பகுதி அழிந்தன. மக்கள்தொகைக் கணக்கில் பிறந்த நாடு 'ஆஸ்திரியா' என்று இருந்தால் வியன்னா என்று மகிழ்ந்துவிடாதீர்கள், கலீசியாவாக இருக்கலாம். கலீசியா என்று தேடினால் ஸ்பெயினில் இருக்கும் இன்னொரு கலீசியாவுக்குத் தேடுபொறி கூட்டிப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காசே செலவில்லாமல் அதிகம் தந்தது கல்லறைக் கல். யூதக் கல்லறையில் ஆங்கிலப் பெயருக்கு மேலே எபிரேயத்தில் இன்னாரின் மகன் அல்லது மகள் என்று தந்தை பெயர் இருக்கும். விரித்த இரு கைகள் இருந்தால் ஆசாரிய வம்சம், நீர்க்கூஜா இருந்தால் லேவியர். நியூயார்க் பக்கத்துக் கல்லறைகளில் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சங்கம் வைத்துச் சேர்ந்து நிலம் வாங்கியிருப்பார்கள். அந்த மனையின் நுழைவாயிலில் சங்கத்தின் பெயரோடு ஊரும் செதுக்கியிருக்கும். கல்லறை அலுவலகத்தை அழைத்து, இவர் எந்தச் சங்கத்து மனையில் இருக்கிறார் என்று கேட்டாலே போதும். எங்களுக்கு ஊர் தெரிந்தது அப்படித்தான்.

கல்லில் இருந்த முதல் பெயர் ட்ஸ்வி. குடும்பத்தில் எல்லாரும் சொன்னது ஹாரி. இரண்டு பேர் என்று நினைக்க வேண்டாம். ஆதியாகமம் 49-இல் யாக்கோபு யூதாவைச் சிங்கமாகவும், நப்தலியைப் பெண்மானாகவும், பென்யமீனை ஓநாயாகவும் சொல்கிறார். அதை ஒட்டி எபிரேயப் பெயரோடு அந்த மிருகத்தின் இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி) பெயரும் சேர்ந்தே வரும்: யெகூதா லெய்ப், நப்தலி ஹிர்ஷ், பென்யமீன் வோல்ஃப். ட்ஸ்வி என்பதும் மான்தான். ஆகவே கல்லில் ட்ஸ்வி, ஜெர்மன் ஏட்டில் ஹிர்ஷ், போலிஷ் ஏட்டில் ஹெர்ஷ், ரஷ்ய ஏட்டில் கிர்ஷ், அமெரிக்காவில் ஹாரி எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம். இவையே குடும்பப் பெயராகவும் ஆகியிருக்கின்றன.

ரஷ்ய மொழியில் 'ஹ' கிடையாது, அதன் இடத்தில் 'க' (கடல் அல்ல, கங்கையின் முதல் ஒலி) வந்துவிடும். ஹோரோவிட்ஸ் குர்விச் ஆவதும், ஹெல்லர் கெல்லர் ஆவதும், கஹான் ககான் ஆவதும் அதனால்தான். போலிஷ் எழுத்து வேறொரு தலைவலி. எஸ், இஸட் சேர்ந்தால் 'ஷ்'. சி, இஸட் சேர்ந்தால் 'ச்'. சி தனியாக வந்தால் 'ட்ஸ்'. டபிள்யூ என்பது 'வ', ஜே என்பது 'ய'. இது தெரியாவிட்டால் நமக்குத் தெரிந்த காட்ஸ் மூன்றே எழுத்தில் கே-ஏ-சி என்று கண்முன்னே இருக்கும், கடந்து போய்விடுவோம். தேடும்போது, ஒலியை வைத்துப் பெயரைக் குறியீடாக்கும் அமெரிக்க சவுண்டெக்ஸ் முறையை விட்டுவிடுங்கள். அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால் ஹோரோவிட்ஸும் குர்விச்சும் ஒருநாளும் சந்திக்காது. டைட்ச்-மோக்கோட்டாஃப் முறை 1985-இல் இந்தப் பெயர்களுக்காகவே உருவானது. முதல் எழுத்தையும் எண்ணாக்கி ஆறு இலக்கம் தரும். அதில் இந்த இரண்டுக்கும் 597400 என்ற குறியீடு பொதுவாகவே வருகிறது. ஜூயிஷ்ஜென், ஜே.ஆர்.ஐ.-போலந்து, கெஷர் கலீசியா ஆகிய யூத வம்சாவளித் தளங்களின் தேடலில் 'ஒலி ஒத்தவை' என்ற தேர்வு அதுதான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மாமனாரின் தாத்தா கிடைக்கவில்லை. ஊர் சரி, ஆண்டு சரி, பெயரை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் ஏட்டில் இல்லை. அந்த மாதங்களில் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. கடைசியில் முடிச்சு அவிழ்ந்த இடம் கலீசியாவுக்கே உரிய ஒரு வழக்கம். யூதர்கள் ரப்பி முன்னால் மணம் செய்துகொள்வார்கள். அரசிடம் பதிவதற்கு அனுமதியும் கட்டணமும் இழுபறியும் இருந்ததால் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. அரசைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட திருமணமே நடக்கவில்லை. எனவே பிள்ளைகள் 'முறை தவறிப் பிறந்தவர்' என்ற குறிப்போடு அம்மாவின் குடும்பப் பெயரில் பதிவாவார்கள். நாங்கள் தேடிய பெயர் ஏட்டின் கடைசிக் கட்டத்தில், குறிப்புகளுக்கான இடத்தில், அப்பா ஒப்புக்கொண்டார் என்ற வரியில் இருந்தது. அந்த ஜெர்மன் சொல்லை மொழிபெயர்த்துச் சொன்னபோது மாமனார் முகம் சுருங்கியது. ஊருக்கும் ரப்பிக்கும் அவர்கள் முறையான தம்பதி, சொல் அரசாங்கத்துடையது என்று விளக்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டிலும் விளக்கத்தை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தாளைக் காட்டுங்கள்.

ஆகவே கலீசியாவில் ஒவ்வொருவரையும் இரண்டு பெயரில் தேட வேண்டும். பெயருக்கு நடுவே 'ரெக்டே' என்று இருந்தால் பின்னால் வருவது சரியான பெயர், 'ஃபால்ஸே' என்று இருந்தால் அது சட்டப்படி செல்லாத பெயர், 'வெல்' என்றால் அல்லது. அண்ணன் அம்மா பெயரிலும், பெற்றோர் பிற்பாடு அரசிடம் பதிந்துகொண்டதால் தம்பி அப்பா பெயரிலும் இருப்பார்கள். அப்படித் தாமதமாகப் பதிந்தால் மூத்த பிள்ளையின் பதிவு ஓரத்தில் பின்னாளில் எழுதிய குறிப்பு இருக்கும். பெயர் இருக்கும் வரியை மட்டும் வெட்டி வாங்காமல் முழுப் பக்கத்தின் படத்தையும் கேளுங்கள். அடுத்து, ஒரு மொழிபெயர்ப்பாளருக்குப் பதிவுக்கு 30 டாலர் வீதம் கொடுத்தேன். கலீசிய ஏடுகளுக்கு அது தேவையே இல்லை, கட்டம் போட்ட படிவத்தில் முப்பது நாற்பது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் அந்தச் சொற்பட்டியல் இலவசம். உங்கள் ஆள் போலந்து ராஜ்யத்தவராக இருந்தால் கதை வேறு: அங்கே முழுப் பத்தியாக எழுதுவார்கள், 1868 வரை போலிஷில், அதன்பின் ரஷ்யக் கையெழுத்தில். ரஷ்யக் கூட்டெழுத்தில் 'த' ஆங்கில எம் போலவும், 'ப' ஆங்கில என் போலவும் தெரியும். அதற்குக் காசு கொடுக்கலாம், தப்பில்லை. தேதி இரண்டு போட்டிருந்தால் ஒன்று பழைய ரஷ்ய நாட்காட்டி, 19-ஆம் நூற்றாண்டில் 12 நாள் பின்தங்கியது.

மாமியார் பக்கம் இதைவிட எளிதாக இருக்கும் என்று நம்பினேன். அந்தப் பெயர் '-இஷின்' என்று முடியும். ரோமானிஷின், இவானிஷின் போன்ற பெயர்கள் கலீசிய உக்ரைனியருக்கே உரியவை. இவானுடைய மனைவி இவானிகா, அவள் பிள்ளை இவானிஷின். அங்கேயும் அம்மாதான், பெரும்பாலும் கணவன் இறந்த பிறகு வீட்டை நடத்திய பெண்ணின் பிள்ளைகளுக்கு ஒட்டியது. கிரேக்கக் கத்தோலிக்க (போப்பை ஏற்ற உக்ரைனியத் திருச்சபை) கோயில் ஏடுகள் லத்தீனில் இருக்கும். வசில் அதில் பாசிலியுஸ், ஹ்ரிஹோரி கிரெகோரியுஸ், திமித்ரோ தெமெத்ரியுஸ் ஆகியிருப்பார்கள். ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் பத்துக் குடும்பம் இருக்கும்போது கைகொடுப்பது வீட்டு எண், ஏட்டின் ஒரு நெடுவரிசை முழுக்க அதுதான். பெயரை விட்டுவிட்டு வீட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் குழப்பம் பாதி தீரும்.

மற்ற ஸ்லாவியப் பெயர்களைப் பற்றியும் கொஞ்சம். '-என்கோ' உக்ரைனின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் அதிகம், '-சுக்', '-யுக்' வடமேற்கு உக்ரைனின் வோலின் பக்கம். ரஷ்யாவில் பெயர் மெய்யில் முடிந்தால் '-ஓவ்', 'ஆ'வில் முடிந்தால் '-இன்'. உஸ்பென்ஸ்கி, த்ரோயிட்ஸ்கி என்று திருநாள்களின் பெயரில் வந்தவை பாதிரியார் குடும்பங்களுக்குச் சமயப் பள்ளியில் சூட்டியவை.  நெக்ராசோவ் என்றால் அழகில்லாதவன் மகன். பிள்ளை தங்குவதற்காக நாம் குப்புசாமி, பிச்சை என்று வைப்பதுபோல அங்கேயும் கண்ணேறு படாமல் வைத்த பெயர் அது, யாரையும் இழித்துச் சொன்னதில்லை. செக் நாட்டில் முழு வினைச்சொல்லே பெயராகும்: நவ்ராட்டில் என்றால் திரும்பி வந்தான், போஸ்பீஷில் என்றால் அவசரப்பட்டான், ஸ்கோச்தொபோலெ என்றால் வயலுக்குள் குதி. பெண்களைத் தேடும்போது விகுதி மாறும் என்பதை மறக்கவே கூடாது. செக்கில் நோவாக்கின் மனைவி நோவாகோவா. பழைய போலிஷ் ஏட்டில் மனைவி நோவாகோவா, மணமாகாத மகள் நோவாகுவ்னா. கோவால்ஸ்கியின் மகள் கோவால்ஸ்கா. 'கோவால்ஸ்கியெகோ' என்று கண்டால் அது வேறு குடும்பம் அல்ல, வேற்றுமை உருபு ஏறியது.

மரபணுச் சோதனைக்கும் பணம் கட்டினோம். ஸ்லாவியப் பக்கம் சில உறவுகள் கிடைத்தன. யூதப் பக்கம் ஆயிரக்கணக்கில் 'மூன்றாம் நிலை உறவினர்' வந்து குவிந்தார்கள். அஷ்கெனாசி யூதர்கள் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள்) பல நூற்றாண்டு தங்களுக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்ததால், பொதுவான சிறுசிறு துண்டுகள் சேர்ந்து உறவை நெருக்கமாகக் காட்டிவிடும். நீளமான ஒற்றைத் துண்டு பொதுவாக உள்ளவர்களுக்கு மட்டும் கடிதம் எழுதுங்கள். நாஜிகளின் யூத இனப்படுகொலைக்கான நினைவகமான யாத் வாஷெம் தளத்தின் பெயர்த் தரவுத்தளத்தையும் கட்டாயம் பாருங்கள், இலவசம். கொல்லப்பட்டவர்களைப் பற்றி உறவினர் கையால் நிரப்பிய சாட்சிப் படிவங்கள் அதில் நிறைய. பெற்றோர் பெயர், ஊர், தொழிலோடு, நிரப்பியவர் யார், என்ன உறவு என்பதும் இருக்கும். அங்கே மாமனாரின் பெரியப்பா குடும்பம் முழுவதையும் பார்த்தோம். அதை இரவில் தனியாக உட்கார்ந்து தேடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

காப்பகங்களுக்கு எழுதுவது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கலீசியாவின் யூதப் பதிவேடுகளில் பெரும்பங்கு வார்சாவின் பழைய ஆவணங்களுக்கான மத்தியக் காப்பகத்தில், தொகுப்பு எண் 300-இல் இருக்கிறது. ஊர் உக்ரைனில் இருக்கிறதே என்று அங்கே ல்விவ் நகரக் காப்பகத்துக்கு மட்டும் எழுதிக் காத்திருந்ததில் எங்களுக்கு மாதங்கள் வீணாயின. இரண்டு இடத்துக்கும் எழுதுங்கள். ஊரின் எல்லாப் பெயர்களையும் போடுங்கள். லெம்பெர்க், ல்வூவ், ல்வோவ், ல்விவ் நான்கும் ஒன்று, ஸ்தனிஸ்லவூவ் 1962 முதல் இவானோ-ஃபிரான்கிவ்ஸ்க். போலந்தில் பிறப்புப் பதிவு 100 ஆண்டும், திருமணம், இறப்புப் பதிவுகள் 80 ஆண்டும் ஆகும்வரை உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில்தான் இருக்கும், அங்கே உறவை நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகே காப்பகத்துக்கு வரும். எழுதுவதற்கு முன் போலந்து அரசுக் காப்பகங்களின் இணையதளத்திலும் கெனெடெகா என்ற போலிஷ் பதிவேட்டு அட்டவணைத் தளத்திலும் படம் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறியிருந்தால் காசு மிச்சம். கடிதத்தில் ஒரு நபர், ஒரு நிகழ்வு, மூன்று ஆண்டு இடைவெளி, சமயம், அப்பா அம்மா இருவரின் குடும்பப் பெயரும், இவ்வளவு போதும். 'எங்கள் குடும்பத்தைப் பற்றிய எல்லாம் வேண்டும்' என்று எழுதினால் தேடும் நேரத்துக்குக் கட்டணம் போட்டு அனுப்புவார்கள். பதில் போலிஷில் வரும்; கட்டணத்தைவிட வெளிநாட்டுப் பணமாற்றுக்கு வங்கி பிடிப்பது அதிகமாக இருக்கும், அதனால் இரண்டு மூன்று பதிவுகளைச் சேர்த்துக் கேளுங்கள்.